மூன்று எண்ணும் வரை

என் இடது கை மடிப்பில் தலையை வைத்துக் குழந்தை தூங்கிக்கொண்டிருக்கும்போதே, வெளியே தென்னைகளுக்கு அந்தப் பக்கம் என் குழந்தை அழுதது. வேறு குழந்தை இல்லை, ஆழினிதான். முதலில் ஒரு இழுப்பு, நடுவில் மூச்சு முட்டி ஒன்றுமே இல்லாமல் போகிற ஒரு கணம், பிறகு துணி கிழிகிற மாதிரி வெடிப்பது. அந்த அழுகையை ஆயிரம் குழந்தைகளுக்கு நடுவில் வைத்தாலும் கண்டுபிடித்துவிடுவேன். குனிந்து பார்த்தேன். வாய் லேசாகத் திறந்திருக்கிறது, மேலுதட்டில் பால் காய்ந்திருக்கிறது, மூடிய இமைக்குள் விழி எங்கோ ஓடுகிறது. இங்கே தூங்குகிறது, அங்கே அழுகிறது. மணி எட்டுகூட ஆகவில்லை, ஆனால் இந்த ஊரில் இருட்டிவிட்டால் அலையைத் தவிர ஒன்றும் வாய் திறப்பதில்லை, அதனால் அந்த அழுகை நேராக என் ஜன்னலுக்கே வந்தது. மயிர்க்கால் குத்திட்டு நின்றது என்றெல்லாம் சொல்லலாம், உண்மையில் நடந்தது அதுவல்ல. மார் இரண்டும் கல்லாகி, சுருக்கென்று இழுத்து, பால் இறங்கி நைட்டி நனைந்துவிட்டது. உடம்புக்கு அறிவு கிடையாது. கைக்குள் இருப்பதை விட்டுவிட்டு வெளியே அழுவதற்குச் சுரக்கிறது. அதற்குப் பிறகுதான் சிரிப்புக் கேட்டது. நாலைந்து பேருடைய சிரிப்பு, அதில் எல்லோரும் நிறுத்திய பிறகும் அரை நொடி நீள்கிற ஒன்று என் கணவன் நிரஞ்சனுடையது. 'ப்ரோ, திரும்ப அந்த மூஞ்சியக் காட்டு ப்ரோ.' திரும்ப என் குழந்தை அழுதது. ஓ, வீடியோ. காலையில் கடலில் எடுத்தது. போனில் சத்தத்தைக் கூட்டிவைத்துச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களுக்குப் போட்டுக் காட்டுகிறான். மகள் மூச்சுத் திணறியதைப் பார்த்துச் சிரிக்கச் சொந்தக்காரர்கள் வேண்டாம், நேற்றுப் பழக்கமானவர்களே போதும். நான் நனைந்த நைட்டியோடு அசையாமல் உட்கார்ந்திருக்கிறேன். அசைந்தால் விழித்துக்கொள்வாள். விழித்துக்கொண்டால் நல்லதுதானே, விழிக்கிற குழந்தைக்கு ஒன்றுமில்லை என்றுதானே அர்த்தம். எழுப்பிப் பார்த்துவிடலாமா. மத்தியானத்திலிருந்து நாலாவது முறையாக இப்படி யோசிக்கிறேன்.

இதற்குப் பெயர் பேக்பேக்கிங். ஊரில் இருக்கும்போதே அந்தச் சொல்லை நிரஞ்சன் சாமி பெயர் மாதிரிச் சொல்லுவான். மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே முதுகுப்பை, ஏழு கிலோவுக்கு ஒரு கிராம் கூடக் கூடாது. பையைக் கொக்கியில் மாட்டித் தூக்கி எடை பார்க்கிற ஒரு கருவி வாங்கியிருந்தான், கூரியர்காரன் கொண்டுவந்து கொடுத்த அன்று அதில் சமையலறையிலிருந்த வெங்காயப் பையைக்கூட மாட்டிப் பார்த்தான். ஏழு கிலோவுக்கு இறங்க வேண்டுமே, அதனால் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. தொட்டில் கட்டுகிற சேலை வெளியே. 'மனுசங்க தொட்டில் கண்டுபிடிக்கிறதுக்கு முன்னாடி பிள்ளைங்க தூங்கலையா?' என்னுடைய இரண்டாவது சுடிதார் வெளியே. காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டர், அது என்ன கனம் இருக்கும், ஒரு பேனா கனம், அதுவும் வெளியே. 'உன் கையே போதும் சுகி, அம்மா கைக்குத் தெரியாதா?' அதைச் சொல்லும்போது அவனுக்கே தன்மேல் ஒரு மரியாதை வந்த மாதிரி முகம் வைத்துக்கொண்டான். மூன்று கால் ஸ்டாண்டு மட்டும் உள்ளே. கேமராவுக்கும் கால் வேண்டுமே. ஆழினி ஒன்பது கிலோ. அவள் அந்த ஏழில் சேரமாட்டாள், அவள் என் இடுப்புக் கணக்கு. பஸ் விட்டு இறங்கி இந்த முத்தாரந்துறைக்குள் நாங்கள் நடந்து வந்தபோது, அவன் முதுகில் ஏழு, என் இடுப்பில் ஒன்பது, முன்னால் போனவன் அவன்தான். ஊர் என்றால் ஒரு மாதா கோயில், ஒரு ஐஸ் கம்பெனி, கவிழ்த்துப் போட்ட வள்ளங்கள், ஆறு மணிக்கு அடுப்பை அணைத்துவிடுகிற ஒரு டீக்கடை. வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் தலையைத் தூக்கி எங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பக் குனிந்துகொண்டார்கள். வீடு கொடுத்த ரெஜினாக்கா மட்டும் கேட்டேவிட்டாள். முப்பது வயதுதான் இருக்கும், புருஷன் கடலுக்குப் போகிறவர், வீட்டுக்குப் பின்னால் இருக்கிற இந்த ஒற்றை அறையை வருகிறவர்களுக்கு விடுகிறாள். என்னைத் தனியாக அடுப்படிப் பக்கம் கூப்பிட்டு, 'எம்மா, வீட்ல எதுவும் சண்டையா? ஓடியாந்துட்டியளா?' என்றாள். இல்லக்கா, சுத்திப் பாக்க வந்திருக்கோம் என்றேன். 'கைப்புள்ளயத் தூக்கிட்டா? இங்க என்ன கெடக்கு பாக்கதுக்கு?' என்று உண்மையாகவே சுற்றுமுற்றும் பார்த்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது. நிரஞ்சன் அதற்குள் வாசலில் நின்று கையை விரித்து, 'என்ன ஒரு அமைதி இல்ல சுகி?' என்றான். அமைதி. நாலு நாளாக அந்த அமைதியைத்தான் போனில் பேசிப் பேசிப் பதிவு செய்துகொண்டிருக்கிறான்.

அதோ, அலை. ஒன்று வந்து விழுந்து, மணலை இழுத்துக்கொண்டு போய், அடுத்தது வருவதற்குள் ஆழினி நாலு மூச்சு விடுகிறாள். ஒரு நிமிடத்துக்கு முப்பத்தாறு. போன தடவை முப்பத்து நாலு. இரண்டு ஏறியிருக்கிறதா, நான் தப்பாக எண்ணினேனா? நுரையீரலுக்குள் தண்ணீர் போனால் உடனே தெரியாதாம், மணிக்கணக்குக் கழித்துக்கூட வருமாம், எங்கோ படித்தேன். எங்கே படித்தேன் என்று தெரியவில்லை, அது பொய்யாகவும் இருக்கலாம். இருக்கட்டும். நெற்றியில் புறங்கையை வைத்தால் சூடு. என் கையே குளிர்ந்திருந்தால் எதைத் தொட்டாலும் சூடாகத்தான் இருக்கும். கையைத் தேய்த்து, என் கழுத்தில் வைத்து, பிறகு அவள் கழுத்தில் வைத்து. சூடு. லேசான சூடு. அம்மா கைக்குத் தெரியாதா. தெரியவில்லையே நிரஞ்சன், இந்தக் கைக்கு ஒரு மண்ணும் தெரியவில்லை, ஒரு பேனா கனம்தானே அது. முப்பத்தேழு. இல்லை, கடைசி ஒன்று பெருமூச்சு, அதைச் சேர்க்கக் கூடாது.

ஈஷான் என்று ஒருவன். பெங்களூர். தாடியைக் குட்டியாகப் பின்னி நுனியில் ஒரு பாசிமணி கோத்திருக்கிறான். பக்கத்துத் தோப்பில் கூடாரம் அடித்துத் தங்கியிருக்கிற நாலு பேரில் இவன்தான் பெரியவன் போல, மற்றவர்கள் இவன் பேசும்போது வாயைப் பார்க்கிறார்கள். பாலியில் ஒன்பது நாள் வகுப்புப் போய்க் குழந்தைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுக்கப் படித்துவந்தானாம். ஒன்பது நாள். எங்கள் பள்ளியில் கைக்குட்டையில் பூத்தையல் போடவே ஒரு வருஷம் படித்தோம். என்னை 'சிஸ்' என்கிறான். எனக்கு சிஸ்டர் என்றால் வெள்ளை அங்கியும் சாவிக்கொத்தும்தான், இவனுக்கு நான் எந்த மடத்து சிஸ்? 'பேபீஸ்க்கு ஸ்விம்மிங் பொறக்கும்போதே தெரியும் சிஸ். பயத்த நாமதான் கத்துக்கொடுக்கறோம்.' அதைச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தான், பயம் உற்பத்தியாகிற தொழிற்சாலையைச் சுற்றிப் பார்க்க வந்தவன் மாதிரி. நிரஞ்சன் தலையாட்டினான். மகளுக்கு ஆழினி என்று கடல் பெயரை வைத்தேனே, அதற்கு ஒரு வீடியோ வேண்டாமா என்று நேற்றிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தவன்தானே. ஸ்டாண்டை ஈர மணலில் ஊன்றினான். ஈஷான் அவளை இடுப்பளவுத் தண்ணீருக்குத் தூக்கிப் போனான், அவள் அவன் தாடி மணியைப் பிடித்து இழுத்துச் சிரித்துக்கொண்டுதான் போனாள், அந்தச் சிரிப்பும் வீடியோவில் இருக்கும். மூக்கில் மெல்ல ஊதினான், அவள் கண்ணைச் சிமிட்டினாள், முக்கினான். கரையில் நின்றவர்கள் சத்தமாக எண்ணினார்கள். ஒன்று. தண்ணீருக்கு மேல் ஒன்றுமே இல்லை, அவன் முழங்கை மட்டும்தான். இரண்டு. என் வாயும் அசைந்தது, நானும்தான் எண்ணினேன், கூட்டத்தோடு சேர்ந்து வாய்ப்பாடு சொல்கிற பிள்ளை மாதிரி. மூன்று. மேலே வந்தபோது முகம் நீலமாக இல்லை, நீலம் என்று எனக்குத் தோன்றியிருக்கலாம். கண் திறந்திருந்தது. ஒரு சத்தமும் இல்லை. அந்த ஒரு கணத்தில், ஒன்றுமே இல்லாமல் போகிற அந்த ஒரு கணத்தில், நான் எங்கே இருந்தேன் என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு மூக்கிலும் வாயிலும் தண்ணீர், பால், கக்கல், பிறகு அந்த அழுகை. எல்லோரும் கைதட்டினார்கள். ஈஷான் தண்ணீர் சொட்டச் சொட்ட வந்து அவளை என் கையில் கொடுத்தான். நான் அவனிடம் தேங்க் யூ என்றேன்.

தேங்க் யூ என்றேன். என் பிள்ளையைத் தண்ணீருக்குள் முக்கி எடுத்துக் கொடுத்தவனுக்கு. வாய் தானாகச் சொன்னது என்று சொல்லித் தப்பிக்க முடியாது, வாய்க்கும் நான்தானே சோறு போடுகிறேன். மூன்றாம் வகுப்பில் சிஸ்டர் ஹில்டாவின் பாடத்தில் பாத்ரூம் போகக் கையைத் தூக்கினேன். தூக்கிய கையை சிஸ்டர் பார்த்தால்தான் எழுந்திருக்கலாம், அதுதான் சட்டம். சிஸ்டர் பலகையில் எழுதிக்கொண்டே இருந்தார். கை வலித்தது, இன்னொரு கையால் முட்டுக்கொடுத்துத் தூக்கியே வைத்திருந்தேன், பக்கத்தில் இருந்த மெட்டில்டா 'போடி, ஓடிரு, ஓடிரு' என்று கிசுகிசுத்தாள். ஓடவில்லை. நீல ஸ்கர்ட், வெள்ளை சாக்ஸ், பெஞ்சு, பெஞ்சுக்குக் கீழே தரை, எல்லாம் சூடாக நனைந்தது. அப்போதும் கையை இறக்கவில்லை. சிஸ்டர் திரும்பிப் பார்த்து, 'நவ் யூ மே கோ' என்றார். நான் எழுந்து நின்று, 'தேங்க் யூ சிஸ்டர்' என்றேன். வகுப்பே சிரித்தது. அன்றைக்கு சாயங்காலம் அந்தச் சிரிப்பைவிட என் தேங்க் யூதான் என்னை அழ வைத்தது, அதற்குப் பிறகு இருபது வருஷம், எத்தனை தேங்க் யூ. பெண் பார்க்க வந்துவிட்டுப் பஜ்ஜி ஆறியிருக்கிறது என்று சொன்ன நிரஞ்சனின் அத்தைக்கு ஒன்று. பிரசவ அறையில் கத்தாதே என்று தொடையில் அடித்த நர்ஸுக்கு ஒன்று. மரியாதையான பெண் என்று பெயர். மரியாதை என்ன மரியாதை, தூக்கிய கையை இறக்கத் தெரியாத கழுதை. இவர்களைத் திட்டுகிறேனே, இந்தத் தாடிமணியையும், அமைதியைப் பதிவு செய்கிறவனையும், அவர்களாவது தாங்கள் செய்வது சரியென்று நம்பிச் செய்கிறார்கள். தப்பென்று தெரிந்துகொண்டே கரையில் நின்று மூன்று எண்ணியவள் அந்தக் கூட்டத்திலேயே ஒருத்திதான். ரெஜினாக்காவுக்கு மத்தியானமே சேதி போயிருந்தது, இந்த ஊரில் சேதிக்கு மட்டும் கால் உண்டு. கருவாட்டுக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டே வந்தாள். 'என்னம்மா, புள்ளயத் தண்ணிக்குள்ள முக்குனாவளாமே?' ஆமாக்கா என்றேன். 'எங்க வீட்டுக்காரவ இருவது வருசமா கடல்ல கெடக்காவ. எம் மவளுக்கு ஆறு வயசாவுது, இன்னும் அலையில கால் நனைக்க விட்டதில்ல. கேட்டா, ஒனக்குத் தெரியாதுட்டி, எனக்குத் தெரியும் அதப்பத்திம்பாவ. ஒங்க ஆளுக்கு எத்தன வருசமா பழக்கம் கடலு?' நாலு நாள் என்றேன். சிரித்துவிட்டாள், நானும் சிரித்தேன், பிறகு அவள் சிரிக்கவில்லை. 'நீ ஏன் சும்ம நின்ன? வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்த?' குழந்தையின் காலைத் தொட்டுப் பார்த்து, 'நாளைக்கும் உண்டும்னு டீக்கடையில பேசிக்கிடுதாவ' என்றாள். எனக்கு அப்போதுதான் தெரியும்.

நாளைக்கும் உண்டு. வெளியே அந்த வீடியோ அழுகை இப்போது நின்றுவிட்டது, வேறு ஏதோ பாட்டு ஓடுகிறது. நாளைக்கு என்ன சொல்லலாம்? காய்ச்சல் என்று சொல்லலாம். காய்ச்சல்தானே. நீச்சல் டவுசரை ஒளித்துவைக்கலாம், டவுசர் இல்லாமலும் முக்குவார்கள். விடியுமுன் தூக்கிக்கொண்டு பஸ் ஏறலாம், முதல் பஸ்ஸே ஆறரைக்குத்தான், அதற்குள் ஐந்து தடவை முக்கி எடுத்துவிடுவார்கள். லீவ் லெட்டர் எழுதலாம். அதுதானே எனக்கு நன்றாக வரும். ஐயா, என் மகள் செல்வி ஆழினி, வயது பதின்மூன்று மாதம், காய்ச்சலால் அவதியுறுவதால் நாளைக் காலை தங்கள் கடலில் மூழ்க இயலாது என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன், ஒரு நாள் மட்டும் விடுப்பு அளிக்குமாறு வேண்டி, தங்கள் கீழ்ப்படிதலுள்ள. கீழ்ப்படிதலுள்ள என்ன? மனைவியா? இருபத்தெட்டு வயதில் இருட்டில் உட்கார்ந்து என் சொந்தப் பிள்ளைக்கு லீவ் லெட்டர் எழுதிக்கொண்டிருக்கிறேன், அதிலும் பணிவுடன். யாரிடம் கேட்கிறேன் இந்த விடுப்பை. மணலில் செருப்புச் சத்தம். ஒற்றை ஆள். நிரஞ்சன் உள்ளே வந்து, லைட்டைப் போடாமல் போன் வெளிச்சத்தில் பைக்குள் கையை விட்டுத் துழாவினான். 'தூங்கிட்டாளா? செம. பாத்தியா, கடல்ல வெளையாடினா எப்படி அடிச்சுப்போட்ட மாதிரி தூங்கறா?' மெதுவா பேசுங்க என்றேன். 'காலைல அஞ்சரைக்கு ரெடியா வை. கொஞ்ச நேரத்துல சூரியன் மேல வரும், லைட்டு பிச்சிரும். இந்த வாட்டி அஞ்சு செகண்ட். கையப் பிடிக்காம. ஈஷான் விட்டுருவான், அவளே மேல வருவா.' அவளே மேல வருவா. அவளே மேல வருவா என்றால், வராவிட்டால் என்று ஒன்று அந்த வாக்கியத்துக்குப் பின்னால் நிற்கிறதே, அது இவன் காதில் விழவே இல்லையா? 'ஏங்க, உடம்பு சுடுது' என்றேன். 'வெயிலு. எனக்குந்தான் சுடுது.' பவர் பேங்க் கிடைத்துவிட்டது. 'அப்புறம் சுகி, ராத்திரி ரெண்டு மணிக்கு மேல பால் குடுக்காத. வெறும் வயிறா இருக்கணுமாம். இன்னிக்கு மாதிரி கக்கி வச்சா வீடியோ போச்சு.' அழுவாளே என்றேன். 'ஒரு மூணு மணி நேரம்தான, சமாளி. உனக்குத் தெரியாத வித்தையா?' நான் சரி என்றேன். 'அவங்களக் கூடாரத்துல விட்டுட்டு வர்றேன். பத்து நிமிஷம்.' என் தலையில் லேசாகத் தட்டிவிட்டுப் போனான். கதவு அவனுக்குப் பின்னால் பாதி மூடி நின்றது.

சரி என்றேன். நான்தான். இன்னும் வாயில் அதன் ருசி இருக்கிறது. ஆழினி நெளிந்தாள், கண்ணைத் திறக்காமல் முகத்தை என் மேல் அங்கும் இங்கும் தேய்த்து, நனைந்த துணியின் வழியாகவே வாயை வைத்துவிட்டாள். பொத்தானைப் பிரித்துக் கொடுத்தேன். அவள் குடிக்கிற சத்தம் இருக்கிறதே, முதலில் அவசரமாக நாலு மிடறு, பிறகு மூக்கால் ஒரு பெரிய மூச்சு, பிறகு நிதானமாக. மூச்சு விட முடிகிறது. குடித்துக்கொண்டே மூச்சு விட முடிகிறது. உள்ளே தண்ணீர் இருந்தால் இப்படிக் குடிப்பாளா? உள்ளங்கையால் என் கழுத்தில் தட்டுகிறாள், தட்டி நிறுத்தி, தட்டி நிறுத்தி. இரண்டு மணிக்கு இவள் இப்படி முகத்தைத் தேய்ப்பாள். மூன்று மணிக்குத் தேய்ப்பாள். நான் மார்பை மூடிக்கொண்டு முதுகைக் காட்டிப் படுக்க வேண்டும். கையிலிருந்து விடுவதற்கு ஈஷான் இருக்கிறான், படம் பிடிப்பதற்கு இவன் இருக்கிறான், எண்ணுவதற்குக் கூட்டம் இருக்கிறது. பட்டினி போட்டுத் தயார் செய்து கொடுக்கிற வேலை எனக்கு. பாவிகளா, அதையும் என்னையே செய்யச் சொல்கிறார்கள், என் பாலை நானே பூட்டிவைத்து. இவன் முகத்தைக் காலையில் ஐந்தரைக்கு, தூங்கி எழுந்த உற்சாகத்தோடு, கையை நீட்டிக்கொண்டு இந்தக் கட்டில் பக்கத்தில் பார்க்க என்னால் முடியாது. எதிர்த்துப் பேசினால் பேசித் தோற்கடித்துவிடுவான், பேச்சில் அவன் என்றைக்கும் கெட்டி. அழுதால் அணைத்துக்கொண்டு முதுகைத் தட்டித் தட்டியே பிள்ளையை வாங்கிப் போய்விடுவான். நீட்டுகிற கை இங்கே வரக் கூடாது. அவ்வளவுதான்.

அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டேன், வாயை எடுக்காமலே வந்தாள். கதவைச் சாத்தினேன். உப்புக்காற்றில் ஊறிப் பருத்த மரம், சட்டத்துக்குள் முழுசாகப் போய் உட்காராமல் விரல் கனத்துக்கு அறைப் பக்கமே துருத்தி நிற்கிறது. தாழ்ப்பாள் பழைய இரும்பு, துரு. அசைத்து அசைத்து நகர்த்தினால் அதன் முனை சட்டத்திலிருக்கிற ஓட்டைக்கு நேராக வராமல் பக்கத்து இரும்பில் போய் இடிக்கிறது. ஒரு கையால் ஆகாது. தோளைக் கொடுத்து அழுத்தினேன், அழுத்தும்போது ஆழினி நசுங்கி முனகினாள், விட்டுவிட்டேன். இன்னொரு முறை. முதுகைக் கொடுத்து, குதிகாலைத் தரையில் ஊன்றி. அரை விரல் கனம் போனது. வெளியே செருப்புச் சத்தம். பத்து நிமிஷம் என்றவன், எதையுமே சொன்ன நேரத்துக்குச் செய்யாதவன், இதற்கு மட்டும் சரியாக வருகிறான். கதவுக்கடியில் வெளிச்சம் விழுந்து என் கால்விரலைத் தொட்டது. ஆழினி குடிப்பதை நிறுத்திவிட்டு என்னை அண்ணாந்து பார்த்தாள். அவன் தள்ளினான். என் முதுகில் மோதி நின்றது. 'சுகி? கதவச் சாத்திட்டியா?' திரும்பத் தள்ளினான். 'சிக்கிக்கிச்சு. இந்தப் பக்கமெல்லாம் உப்புக்காத்துல மரம் ஊதிரும் சுகி, அதோட இயல்பு அது. நீ தள்ளி நில்லு. இத ஒரு வாட்டி என் பக்கமா நல்லா இழுத்துட்டு அப்புறம் தள்ளணும், அப்பதான் விடும்.' எல்லாம் தெரியும் அவனுக்கு. நான் திரும்பி, கட்டைவிரலைத் தாழ்ப்பாளின் தலையில் வைத்துக்கொண்டேன். 'ம், இழுங்க' என்றேன். வெளியே காலை ஊன்றி, மூச்சைப் பிடித்து, இருக்கிற பலத்தையெல்லாம் சேர்த்து இழுத்தான். மரம் முனகிக்கொண்டே சட்டத்துக்குள் போய் உட்கார்ந்தது, தாழ்ப்பாள் என் விரலுக்கடியில் நழுவி ஓட்டைக்குள் கடைசி வரை இறங்கியது.